தோட்டப் பட்டணத்தில் வேறு மாதிரி ஒரு பார் திறக்க நினைப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மது லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருஷம், ஒரு சொட்டு மது இல்லாமல் உங்கள் பாரை நடத்துங்கள். இதைச் சொன்னால் பாதிப் பேர் அப்புறம் அது எப்படி பார் ஆகும் என்று கேட்கிறார்கள். ஆகும். நீளமான ஒரு மேசை, அதன் பின்னால் நின்று கையால் பானம் கலந்து கொடுக்கும் ஒருவர், முன்னால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நாலு பேர், காதை அடைக்காத பாட்டு, கொறிக்க ஏதாவது. இவ்வளவும் இருந்தால் அது பார்தான். கண்ணாடி டம்ளரில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. நம்ம மாதிரி ஊரில் அந்த இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்தவர்கள் கடையைத் திறப்பதற்குள்ளேயே ஊரை இழந்துவிடுகிறார்கள்.

நான் எழுதுவது மலேசியாவின் கீழ்ப் பேராக் பக்கத்தை மனதில் வைத்து. தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, சுற்றிலும் தென்னையும் செம்பனையும். ஆனால் பீடோர், சுங்கை சிப்புட், கோல சிலாங்கூர், பாஹாவ், குளுவாங் என்று எங்கே தோட்டத்தை விட்டு இறங்கி வந்த நம் ஆட்கள் தாமானில் (புதுக் குடியிருப்பில்) வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்களோ அங்கெல்லாம் நிலைமை ஏறக்குறைய இதுதான். குடிக்க இடம் இல்லாத ஊர் இல்லை இவை. சீனர் கோப்பிக்கடையில் பியர் கிடைக்கிறது, ஒதுக்குப்புறத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பப் இருக்கிறது. வேலை முடிந்து ஒரு டீச்சரம்மாவோ கிளினிக் நர்ஸோ தோழியோடு உட்கார்ந்து நிதானமாக ஒரு பானம் குடித்துவிட்டு, தலை குனியாமல் வீட்டுக்குப் போகிற மாதிரி ஓர் இடம்தான் இல்லை. நீங்கள் கனவு காண்பது அந்த இடத்தை என்றால் மேலே படியுங்கள். இருட்டும் மேடையும் ஆட்டமும் வைத்து இன்னொரு பப் திறக்கும் எண்ணம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

ஊர் ஏன் வேண்டாம் என்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். 'பிற்போக்கான ஊர்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்த ஊர்கள் மதுவைப் பற்றிப் பேசுவது புத்தகத்தில் படித்து அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. காலையிலிருந்து ரப்பர் மரம் சீவிப் பால் சுமந்த கூலியில் ஒரு பங்கு அன்று சாயங்காலமே அந்தக் கடைக்குத் திரும்பிப் போனது. அதை எதிர்த்து நின்றவர்களும் நம் ஆட்கள்தான். போர் முடிந்த கையோடு கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1946, 47 வாக்கில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை எதிர்ப்பு போலீசோடு மோதலாகி உயிரும் போனது. நம் தோட்டங்களில் தொழிலாளர் உரிமைப் போராட்டமும் மது எதிர்ப்பும் அப்படிச் சேர்ந்தே வளர்ந்தவை. கோயில் கமிட்டியில் இன்று உங்களை முறைத்துப் பார்க்கும் பெரியவர் அந்தக் கதைகளைத் தன் அப்பா வாயால் கேட்டவராக இருக்கலாம்.

கள்ளுக்குப் பின்னால் சம்சு என்ற சாராயம் வந்தது. மலிவு விலை, சின்ன பாட்டில், கடும் போதை. அது எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து வருஷக்கணக்கில் பிரச்சாரம் செய்தது, தமிழிலும் செய்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். இன்னொரு சங்கதியும் உண்டு. நம் வேலைச் சட்டத்தில், 1955 ஆம் ஆண்டுச் சட்டம்தான், சாராயக்கடையில் வைத்துத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. சட்டத்தில் எழுதித் தடுக்க வேண்டிய அளவுக்குச் சம்பளமும் சாராயமும் ஒட்டிக்கிடந்தன.

ஆகவே ஓர் அம்மா 'பாரா, வேண்டாம் தம்பி' என்று சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். ஐரோப்பாவில் இப்படி, பாங்காக்கில் அப்படி என்று ஆரம்பிக்காதீர்கள். 'நீங்கள் பயப்படுவது நடக்காமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும் அம்மா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை விதிகளில் பாதி அந்தத் தாளிலிருந்துதான் வரப்போகிறது.

இடம்

கோயில், பள்ளிவாசல், சூராவ் (சின்னத் தொழுகை இடம்), பள்ளிக்கூடம், இவை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் அந்தக் கடைவீட்டை மறந்துவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. லைசென்ஸ் கொடுப்பவர்கள் பார்க்கிற முதல் விஷயம் சுற்றுப்புறம், ஆட்சேபம் வருகிற முதல் காரணமும் அதுதான். சீனர் கடைகளும் உணவுக்கடைகளும் அதிகம் உள்ள பழைய கடை வரிசை நல்லது, சாயங்காலத்துக்குப் பிறகும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். மாடி வேண்டாம். மாடிப்படி ஏறிப் போகும் எந்த இடத்தையும் ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கிறது, அதில் தப்பும் இல்லை, அந்தப் படியில் ஏறி என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தரைத்தளம், தெருவைப் பார்த்த தெளிந்த கண்ணாடி, திரை கிடையாது. நடந்து போகிறவர் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் பார்த்துவிட முடிய வேண்டும். பெண்கள் உட்காரத் தயங்குவார்களே என்று நீங்கள் நினைக்கலாம். முதல் மாதம் தயங்குவார்கள். ஆனால் மறைவான இடத்தில் உட்கார்ந்தால் வரும் பேச்சைவிட, வெளிச்சத்தில் எலுமிச்சைச் சோடா குடித்தால் வரும் பேச்சு சீக்கிரம் சலித்துப்போகும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஊராட்சி மன்றத்துக்கு, உங்கள் ஊருக்கு மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ எதுவோ அங்கே, நேரில் போய் அந்த முகவரியில் என்ன வகை வியாபாரத்துக்கு அனுமதி உண்டு என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாத முன்பணம், மேலே தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு தொகை என்று கையிலிருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுப் பூட்டிய கடைக்கு வாடகை கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதல் ஆறு மாத வாடகை தனியாகக் கையில் இல்லாவிட்டால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கடைவீட்டின் உரிமையாளரிடம் பின்னாளில் மது விற்க விண்ணப்பிப்பேன் என்பதை மறைக்காதீர்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெரும்பாலும் தௌக்கே (சீன முதலாளி) ஒருவராகத்தான் இருப்பார், அவருக்கு மது பிரச்சினை இல்லை, சண்டையும் கும்பலும் வருமா என்பதுதான் கவலை. அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

யாரிடம் எப்படிப் பேசுவது

வரிசை முக்கியம். முதலில் இரண்டு பக்கத்துக் கடைக்காரர்கள். அப்புறம் எதிர்வரிசை. அவர்களுக்கு ஊர் வாயால் செய்தி போவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிட வேண்டும். அதற்கடுத்து கோயில் தலைவர். பகலில் போங்கள், தனியாகப் போகாமல் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவரிடம் அனுமதி கேட்கப் போகவில்லை, தெரிவிக்கப் போகிறீர்கள், ஆனால் மரியாதையோடு. 'ஐயா, திருவிழா நாட்களில் கடை திறக்க மாட்டேன், ரதம் எங்கள் தெரு வழியாக வரும் ராத்திரி கடை முன்னால் மோர்ப்பந்தல் வைக்க நினைக்கிறேன், கமிட்டி ஒத்துக்கொள்ளுமா?' என்று கேளுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், உங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா, இந்த நாட்களில் கடையடைப்பு என்பதைத் திறப்பதற்கு முன்பே காலண்டரில் குறித்து, அந்தத் தாளின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். வாய்ப்பேச்சைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

சூராவ் கமிட்டிக்காரர்களையும் விட்டுவிடாதீர்கள். மது இல்லாத மாதங்களில் அவர்களும் வாடிக்கையாளர்கள் ஆகலாம், பக்கத்து மலாய்க்கார இளைஞர்கள் கூட்டமாக வந்து 'அசாம் போய்' என்ற உப்புப் பிளம் பானம் குடித்துவிட்டுப் போவார்கள். அப்போதே அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: ஒரு நாள் மது வரும், வரும்போது முன்கூட்டியே அறிவிப்பேன், அதற்குப் பிறகு முஸ்லிம்களுக்கு இங்கே மது பரிமாறப்படாது, முஸ்லிம் பணியாளரை அந்த வேலையில் வைக்க மாட்டேன். முஸ்லிம்கள் மது அருந்துவது மாநில ஷரியா சட்டப்படி குற்றம் என்பதால் இது நல்லெண்ணம் மட்டும் இல்லை, உங்கள் பாதுகாப்பும்கூட. ஒளித்துவைத்துப் பிறகு தெரியவந்தால் அந்த உறவு போனதுதான். பாங்கு சொல்லும் நேரத்தில் பாட்டை நிறுத்துங்கள், ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வரை வாசல் பக்க மேசைகளை உள்ளே போடுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

பெண்களிடம் எப்படிப் பேசுவது? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் அம்மாக்கள், ஞாயிறு தேவாரம் நடத்துகிறவர்கள், சீட்டுப் பிடிக்கும் அக்கா, இவர்கள்தான் உண்மையில் ஊர். இவர்களிடம் விளக்கம் சொல்லிக் கூட்டம் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்கு அழைத்து, உட்கார வைத்து, பானம் கொடுத்து, கழிவறையைக் காட்டுங்கள். ஆமாம், கழிவறையை. பூட்டு சரியாக விழும், விளக்கு எரியும், தரை காய்ந்திருக்கும், கைகழுவ சோப்பு இருக்கும் ஒரு பெண்கள் கழிவறை இந்த ஊர்க் கடைகளில் எத்தனையில் இருக்கிறது? அது ஒன்றைப் பார்த்தே இந்தக் கடை யாருக்காக என்று அவர்கள் தீர்மானித்துவிடுவார்கள்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடினமானது இதில்லை. எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் வருஷம் 30 வெள்ளி (ரிங்கிட்), வியாபாரப் பெயரில் என்றால் 60. ஊராட்சி மன்றத்தில் கடை உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் ஒன்றாகவே போகும். பலகையில் தேசிய மொழி பெரிதாக இருக்க வேண்டும், வாசகத்தை டேவான் பஹாசா என்ற தேசிய மொழி நிறுவனத்திடம் சரிபார்க்க வேண்டும். தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுங்கள், தாராளமாக வையுங்கள், ஆனால் 'பார்' என்ற சொல்லை முதல் வருஷம் பலகையில் போடாதீர்கள். பானக்கடை என்றால் போதும். உணவைக் கையாளும் எல்லாரும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குப் போய், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அந்த ஊசியை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தீயணைப்புத் துறை பார்வையிட வரும். உணவுக்கடையில் புகைக்கத் தடை 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது, வாசலில் நின்று ஊதுகிறவரையும் மூன்று மீட்டர் தள்ளி அனுப்புங்கள். ஆள் வைத்துப் பாட விடுவது, கராவோக்கே என்றால் அதற்குத் தனியாகக் கேளிக்கை உரிமம், அது மாநில விவகாரம். ஆரம்பத்தில் அந்தத் தலைவலி வேண்டாம்.

மது உரிமம் 1976 ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரி தலைமையில் உரிம வாரியம் உண்டு, அதுதான் முடிவு செய்யும். பொது மதுக்கூடம், பியர் கடை, கள்ளு என்று வகைகள் வேறு வேறு, ஒன்றை வாங்கி இன்னொன்றை விற்க முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் போக்கும் மாறும். ஆகவே யாரோ ஒரு 'ஏஜெண்ட்' ரெண்டே மாதத்தில் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் நம்பாமல் மாவட்ட அலுவலகக் கவுண்டருக்கு நீங்களே போங்கள். அங்கே இருக்கும் அம்மையாரும் இந்த ஊர்க்காரர்தான், உங்கள் முகம் பரிச்சயமாவது நல்லது.

மது இல்லாத மாதங்கள்

இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. நம்மிடம் இருக்கும் சரக்கைப் பாருங்கள்: லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை), அசாம் போய், புளி, குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), இஞ்சி, செராய் (எலுமிச்சைப்புல்), பாண்டான் இலை, சங்குப்பூ, நன்னாரி, இளநீர், மோர். மது கலக்கத் தெரிந்த ஒருவர் செய்வது புளிப்பு, இனிப்பு, கசப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் ஒரு சமநிலைக்குக் கொண்டுவருவதுதானே? பானகம் கரைக்கும் பாட்டிக்கு அது தெரியும். புட்டியில் வரும் சிரப்பை ஊற்றிச் சோடா அடித்துக் கொடுத்தால் யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள், அதை அவர்கள் வீட்டிலேயே செய்வார்கள். வீட்டில் செய்ய முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம், அப்படியே செய்து பாருங்கள். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். குலா மெலாக்காவைச் சம அளவு தண்ணீரில் ஒரு பாண்டான் முடிச்சோடு காய்ச்சி ஆறவையுங்கள். குலுக்கும் குவளையில் புளிக்கரைசல் 30 மில்லி, குலா மெலாக்கா பாகு 25, பிழிந்த இஞ்சிச்சாறு 10, லிமாவ் கஸ்தூரி இரண்டு பழத்தின் சாறு, சிட்டிகை உப்பு, இரண்டு மிளகு தட்டியது, ஐஸ். நன்றாகக் குலுக்கி, ஐஸ் நிரப்பிய உயரக் கண்ணாடியில் வடிகட்டி, மேலே 100 மில்லி சோடா. ஒரு செராய்த் தண்டை நசுக்கிச் செருகுங்கள். நெஞ்சில் இறங்கும்போது சூடும் புளிப்பும் சேர்ந்து வரும், மெதுவாகத்தான் குடிக்க முடியும். மெதுவாகக் குடிக்க வைப்பதுதான் நோக்கம், ஏனென்றால் மெதுவாகக் குடிக்கிறவர்தான் பேசுவார், பேசுகிறவர்தான் திரும்பி வருவார்.

கொறிக்க ஈப்போ புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை) வாங்கி வையுங்கள், மசால் வடை, வறுத்த நெத்திலி, ஆட்டுக்கறி வறுவல் சின்னத் தட்டில். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வேண்டாம், எந்தப் பக்கத்து மனிதரையும் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. விலை வைக்கும்போது கோலாலம்பூரை மறந்துவிடுங்கள். ஆனால் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) விலைக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் வாடகைக்குக் காணாது. பக்கத்து உணவகத்தில் ஒரு சாப்பாடு என்ன விலையோ அதைத் தாண்டாமல் ஒரு பானம் இருக்கட்டும். சனி, ஞாயிறுதான் உங்கள் வியாபாரம். கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வாரக் கடைசியிலும் தீபாவளிக்கும் வருவார்கள், வந்தால் போக இடமில்லை என்று புலம்புகிறவர்கள் அவர்கள்தான். வாரநாளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை மட்டும் நம்பாமல் இரண்டு நாள் கடையை மூடினாலும் குற்றமில்லை. தோட்டங்களில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். அவர்களும் வரட்டும், ஒரே விலை, ஒரே நாற்காலி.

முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய விதிகள்

மது வந்த பிறகு விதி போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். மது இல்லாதபோதே பழக்கிவிடுங்கள். கடன் கிடையாது. கணக்கு நோட்டே கடையில் இருக்கக்கூடாது, பள்ளித் தோழனாக இருந்தாலும், சொந்த மாமாவாக இருந்தாலும். நம் குடும்பங்கள் கடனுக்குக் குடித்துத்தான் மூழ்கின. ஓர் ஆண் தன் மேசையில் இல்லாத பெண்ணுக்குப் பானம் வாங்கி அனுப்ப முடியாது. யாரும் யாரையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றினால் அந்தப் பெண் மட்டுமல்ல, அவள் தெருவிலிருந்து வேறு யாரும் வரமாட்டார்கள். பத்து மணிக்கு அடைப்பு. கவுண்டருக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண்ணாவது வேலையில் இருக்க வேண்டும், அவருக்கு யாரையும் வெளியே போகச் சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும், அவர் சொன்ன பிறகு நீங்கள் அதை மாற்றக்கூடாது.

கும்பல் விஷயம். சில ஊர்களில் 'பாதுகாப்பு' பேச ஆள் வருவார்கள். முதல் தடவை சிரித்துப் பேசித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றும், காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கேமரா வையுங்கள், போலீஸ் நிலையத்தில் கடை திறந்த வாரமே அறிமுகம் செய்துகொள்ளுங்கள், மிரட்டல் வந்தால் அன்றே புகார் கொடுங்கள். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் வெளிச்சமான கடை அவர்களுக்கு வசதியான இடமில்லை, அதுவே பாதிக் காவல்.

மது வரும்போது

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், குறுகிய பட்டியல், பாதிக்கு மேல் மது இல்லாத பானங்களே. ஒருவருக்கு இரண்டு கிளாஸ், அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் குறையும், ஆமாம், ஆனால் அந்த ஒரு விதிதான் உங்கள் கடையைக் கறுப்புக் கண்ணாடிக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டும். 2017 டிசம்பரிலிருந்து 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது, அறிவிப்பும் வைக்க வேண்டும். முகம் தெரிந்த பையனாக இருந்தாலும் மைகார்டு (அடையாள அட்டை) கேளுங்கள். முகம் தெரிந்தவன் என்பதால்தான் கேட்க வேண்டும், அவன் அம்மாவையும் உங்களுக்குத் தெரியும். வரி முத்திரை ஒட்டிய பாட்டிலை மட்டும், ரசீதோடு, அங்கீகரித்த விநியோகிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். காரில் வைத்து மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடமிருந்து ஒரு பாட்டில்கூட வேண்டாம், 2018இல் செத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சி, புளிக்கவைத்து விற்கவும் கூடாது, அதற்கு வேறு உரிமம், அது உங்களுக்குக் கிடைக்காது.

கள்ளு கொடுக்கலாமா என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். அதிகாலையில் இறக்கிய தென்னங்கள்ளு மத்தியானத்துக்குள் பியர் அளவுக்கு ஏறிவிடும், மறுநாள் காடியாகத் திரும்பிவிடும். அன்றன்று இறக்கியதை அன்றன்றே பரிமாற வேண்டும், அப்படிச் செய்தால் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னைக்கு இணையான பானம் கிடையாது. ஆனால் இந்த ஊரின் காயம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதை முதல் வருஷத்தில் தொடாதீர்கள்.

சம்பள நாள். சட்டப்படி மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும், ஆகவே உங்கள் ஊரில் எந்தத் தேதியில் காசு புழங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நாளிலும் மறுநாளிலும் மது பரிமாறாதீர்கள், மற்றவை மட்டும். வேறு எந்த பாரும் செய்யாத காரியம் இது, அந்த நாட்களில்தான் அவர்களுக்கு வியாபாரமே. ஆனால் உங்களை எதிர்த்துக் கையெழுத்து வாங்க வருகிறவர்களின் வீட்டிலேயே உங்களுக்காகப் பேச ஆள் உண்டாகும். மாதத்தில் இரண்டு நாள் நஷ்டத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போவதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டுகிறவரின் மூச்சில் 100 மில்லிக்கு 22 மைக்ரோகிராம் மதுதான் எல்லை, முன்பு 35. முதல் குற்றத்துக்கே பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, வண்டி ஓட்டும் லைசென்ஸும் போகும். அதைவிட, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓடும் விளக்கில்லாத தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் உங்கள் கடையிலிருந்து போனவராக இருக்கக்கூடாது. கிராப் வாடகைக் கார் எல்லா ஊரிலும் கிடைக்காது. நம்பிக்கையான இரண்டு மூன்று கார்க்காரர்களோடு பேசி வையுங்கள், கார் வாடகையில் ஒரு பங்கைக் கடையே ஏற்கட்டும், வண்டியை இரவு விட்டுவிட்டுப் போக இடம் கொடுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது

தேதி பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். நான் சொல்கிற அறிகுறிகளைப் பாருங்கள்: பெண்கள் கூட்டமாக அல்லாமல் இரண்டு பேராக, வாரநாளில் வருகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் தன் வீட்டுப் பிறந்தநாளை உங்கள் கடையில் வைக்கிறார். கோயில் தலைவர் இன்னும் உள்ளே வரவில்லை, ஆனால் மோர்ப்பந்தலுக்கு அவராகவே ஆள் அனுப்புகிறார். இதில் இரண்டு அறிகுறியாவது தெரிந்தால், முன்பு நீங்கள் பேசியவர்கள் ஒவ்வொருவரிடமும் மறுபடி போய், இப்போது விண்ணப்பிக்கப் போகிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் வாரியத்துக்கு எழுதுவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அதில் திருத்த முடிந்ததைத் திருத்திவிட்டு, கடை நாட்காட்டி, விதிகள், கடைவீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், பக்கத்துக் கடைகளின் கையெழுத்து எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், காரணம் இடம் என்றால் இடத்தைப் பற்றி யோசியுங்கள், ஆட்சேபம் என்றால் ஆட்சேபித்தவரின் வீட்டுக்குப் போங்கள். அதுவரைக்கும் கடை திறந்துதான் இருக்கும், புளி-இஞ்சிக்கு லைசென்ஸ் தேவையில்லை, அடுத்த மாத வாடகையும் அதிலிருந்தே வரும்.